அடிவாரப் பலகையின் இரண்டு அம்புக்குறிகள்

அனுப்புநர்:
அல்பினா ராபிச் (வயது 59),
மலைவழிக் குறியீட்டாளர் (தன்னார்வலர், 31 ஆண்டுகள்),
மோய்ஸ்த்ரானா.

பெறுநர்:
மேற்பார்வை அலுவலர் அவர்கள்,
தேசிய மலை நினைவுச்சின்னங்களின் வட்டார அலுவலகம்.

பொருள்: த்ரிக்லாவ் மலை அடிவாரப் பலகையில் எளிய வழியும் ஆபத்தான வழியும் இடம் மாறியிருப்பது – உடனே திருத்தக் கோருதல் – என்மீதான விசாரணை நாள் தொடர்பாக.

பார்வை: 1. சென்ற ஆண்டு ஜூலை, ஆகஸ்டில் நான் எழுதிய மூன்று கடிதங்கள் (பதில் இல்லை).
2. தங்கள் அலுவலக அறிவிப்பு, நாள்: ஜூன் 2.

மதிப்பிற்குரிய ஐயா,

1. சென்ற ஆண்டு ஜூனில் எங்கள் ஊர் முச்சந்தியில், மலையின் புவியியலையும் வரலாற்றையும் விளக்கும் பெரிய பலகை ஒன்றைத் தங்கள் அலுவலகம் நிறுவியது. திறப்பு விழாவில் வாத்தியக் குழு வாசித்தது, நானும் கை தட்டினேன். கை தட்டிய பிறகுதான் படித்தேன். அது என் தவறு.

2. மலையின் உயரம் 2864 மீட்டர். பலகையில் 2684. நூற்றெண்பது மீட்டரை யார் கொண்டுபோனார்கள் என்று தெரியவில்லை. உச்சியை அந்நாளைய ஆஸ்திரியச் சக்கரவர்த்தி நன்கொடையாக அளித்தார் என்று எழுதியிருக்கிறது. 1895-இல் அல்யாஷ் பாதிரியார் தம் சொந்தக் காசில் வாங்கிய இடம் அது. இங்கே பள்ளிக்கூடப் பிள்ளையைக் கேட்டாலும் சொல்லும். அவர் உச்சியில் நிறுத்திய தகரக் கோபுரத்தைக் கற்கோபுரம் என்று போட்டிருக்கிறது. இவற்றை நான் பெரிதுபடுத்தவில்லை. உயரம் குறைந்ததற்காக மலை கோபித்துக்கொள்ளாது, பாதிரியாரும் எழுந்து வந்து கேட்கப் போவதில்லை.

3. ஆனால் அம்புக்குறிகள் அப்படியல்ல. தாங்கள் இங்கே வந்ததில்லை என்று நினைப்பதால் பணிவுடன் விளக்குகிறேன். முச்சந்தியிலிருந்து வ்ராட்டா பள்ளத்தாக்கு வழியே போனால் வடக்குச் சுவர் எனப்படும் செங்குத்துப் பாறையின் ஓரமாக, பாறையில் அறைந்த இரும்பு முளைகளைப் பிடித்துத் தொங்கி ஏற வேண்டும். கெர்மா பள்ளத்தாக்கு நீளம் அதிகம், ஆனால் மாடுகள் நடந்து போகும் வழி. பலகையில் வ்ராட்டா பக்கம் அம்பு போட்டு "எளிய வழி, முதியோருக்கு ஏற்றது" என்றும், கெர்மா பக்கம் "கயிறும் தலைக்கவசமும் கட்டாயம்" என்றும் அச்சிட்டிருக்கிறது. இதனால் எங்கள் ஊர் மாடுகள் தலைக்கவசம் அணிய வேண்டிய நிலையில் உள்ளன.

4. மூன்று கடிதங்கள் எழுதினேன். கிணற்றில் போட்ட கல்தான். தொலைபேசியில் கேட்டபோது தங்கள் அலுவலகப் பெண்மணி ஒருவர், "அம்மா, போர்டுல இருக்கறதுதான் அதிகாரப்பூர்வம். மலையப் பத்தி ஆட்சேபணை இருந்தா அதுக்குத் தனியா மனு போடுங்க" என்றார். எந்த முகவரிக்கு என்று கேட்பதற்குள் வைத்துவிட்டார்.

5. செப்டம்பர் 9 அன்று, சமவெளிப் பகுதியான முர்ஸ்கா சோபோத்தாவிலிருந்து லுட்விக் செர்பாக் என்ற ஓய்வுபெற்ற பேருந்து ஓட்டுநர் (வயது 71) தம் மருமகனுடன் வந்தார். த்ரிக்லாவ் ஏறாதவன் ஸ்லோவேனியனே இல்லை என்பது நம் நாட்டில் வழக்கமாகச் சொல்வது. சாப்பாட்டு மேசையில் மருமகன், "எழுபது தாண்டியாச்சு, இன்னும் ஏறலையே மாமா, நீங்க எந்த நாட்டுக்காரர்?" என்று சீண்டியிருக்கிறார். கிழவருக்கு ரோசம் வந்துவிட்டது. பலகையை இரண்டு முறை படித்துவிட்டு எளிய வழியில் கிளம்பினார்கள்.

6. மதியம் மருமகன் அழுதுகொண்டே இறங்கி ஓடி வந்தார். மீட்புக் குழுவுக்குச் சொல்லிவிட்டு, அருகில் பாறைகளில் வழிக்குறி வரைந்துகொண்டிருந்த நான் முதலில் ஏறினேன். பெரியவர் வழுக்கி விழுந்து முழங்கால் நொறுங்கி, ஒரு முளையைக் கட்டிப்பிடித்தபடி இருந்தார். பனித்தூறல் தொடங்கியிருந்தது. அவரைக் கட்டிவைக்க அவர் பையில் ஏதாவது கயிறு இருக்கிறதா என்று பார்த்தேன். முழ நீளத்தில் புதுக் கயிறு ஒன்று இருந்தது. இது எதற்கு என்றேன். "முதல் தடவை ஏறுறவனுக்கு உச்சியில முதுகுல கயித்தடி குடுப்பாங்களாமே. அங்க கயிறு இல்லாமப் போயிட்டா என்ன பண்றதுன்னு நானே வாங்கிட்டு வந்தேன்மா" என்றார். அடி வாங்குவதற்கு மட்டும் கயிறு கொண்டுவந்த மனிதர் அவர். வேறு கயிறு எதற்கு? பலகையில்தான் எளிய வழி என்று போட்டிருக்கிறதே! ஹெலிகாப்டர் வரும்வரை இரண்டு மணி நேரம் அவரை என் உடம்போடு அணைத்துப் பிடித்திருந்தேன். இனி அவரால் கோலில்லாமல் நடக்க முடியாது.

7. மறுநாள் காலை இரண்டு அம்புகளையும் வெள்ளையடித்து அழித்தேன். கெர்மா பக்கம் நம் வழக்கமான வழிக்குறியை, சிவப்பு வட்டமும் நடுவில் வெள்ளைப் புள்ளியும், நானே வரைந்தேன். ஒப்புக்கொள்கிறேன். மூன்று கடிதங்களுக்கு அசையாத தங்கள் அலுவலகம் அதற்கு மட்டும் எள் என்பதற்குள் எண்ணெயாக வந்து நின்றது. இரண்டே நாளில் ஆட்கள் வந்து என் வண்ணத்தைச் சுரண்டினார்கள், அதே தவறான அம்புகளைப் பளபளவென்று துடைத்தார்கள், மேலே ஒரு கேமராவும் பொருத்தினார்கள். அம்பைத் திருத்த ஆளில்லை, என்னைப் படம் பிடிக்க ஏற்பாடு இருக்கிறது.

8. இப்போது, தேசிய நினைவுச்சின்னத்தைச் சேதப்படுத்தியதாகவும், என் குறியீட்டாளர் அனுமதியை நிரந்தரமாக ரத்து செய்ய ஜூன் 28 காலை ஒன்பது மணிக்கு நகரத்தில் விசாரணை என்றும், வராவிட்டால் ஒருதலையாக முடிவெடுக்கப்படும் என்றும் அறிவிப்பு வந்துள்ளது. உச்சிக் கோபுரம்தான் நினைவுச்சின்னம், அடிவாரத்துப் பலகையும் அதன் பகுதியாம். முப்பத்தோரு ஆண்டுகள் இந்த மலையில் குறியிட்டவள் நான். அந்த அனுமதி போனால் தூரிகையைத் தொட எனக்கு உரிமையில்லை. அது எனக்குச் சிறிய விஷயம் அல்ல.

9. மலையேறும் பருவம் தொடங்கிவிட்டது. ஜூன் 10 முதல் தினமும் காலை ஐந்து மணியிலிருந்து பத்து வரை பலகையின் அருகில் நின்று, வருகிறவர்களை வாயால் திருப்பிவிடுகிறேன். பக்கத்து வீட்டு ஃப்ரான்ட்ஸ்கா, "போர்டு பக்கத்துல நீ ஒரு போர்டா நிக்கிறியே, உனக்கு யாரு திறப்பு விழா நடத்துனது?" என்று கேலி செய்கிறாள். சிலர் நான் சொல்வதை நம்புவதில்லை. "அரசாங்கம் தப்பா போடுமா?" என்று என்னையே கேட்கிறார்கள். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று அவர்களுக்கு யார் சொல்வது? நேற்று மட்டும் பதினேழு பேரைத் திருப்பினேன். அவர்களில் ஒரு பெண் ஏழு மாதக் கர்ப்பிணி.

10. விசாரணைக்கு வர வேண்டுமென்றால் காலை ஐந்து நாற்பது பேருந்தைப் பிடிக்க வேண்டும். அந்த வாரம் புல் அறுப்பு. ஃப்ரான்ட்ஸ்கா உட்பட ஊரே புல்வெளியில் இருக்கும். எனக்குப் பதிலாக நிற்க ஒருவரும் இல்லை.

ஆகவே, ஜூன் 28-க்கு முன் அந்த இரண்டு அம்புகளையும் மாற்றிப் போட ஆணையிடுமாறு வேண்டுகிறேன். போட்டுவிட்டால் முதல் பேருந்திலேயே வந்து, தாங்கள் தரும் தண்டனையைத் தலைகுனிந்து ஏற்கிறேன். மாற்றவில்லையென்றால், அன்று ஒன்பது மணிக்கு என் பெயரைக் கூப்பிட்டுக் காத்திருக்க வேண்டாம். அனுமதியை ரத்து செய்துகொள்ளுங்கள். நான் பலகைக்கு முன்னால்தான் நின்றுகொண்டிருப்பேன். தங்கள் கேமராவில் பார்க்கலாம்.

நாள்: ஜூன் 19
இடம்: மோய்ஸ்த்ரானா, முச்சந்தி

தங்கள் உண்மையுள்ள,
(ஒப்பம்) அல்பினா ராபிச்

இணைப்பு: லுட்விக் செர்பாக்கின் மருத்துவச் சான்று, நகல் ஒன்று.