பிழையாகப் பூட்ட ஏலாத லாச்சி

செப்டெம்பர் 3, திங்கள்

கச்சான் காற்று. விடிந்ததிலிருந்து வாய்க்குள் மண். பாண் வரிசையில் முக்கால் மணித்தியாலம் நின்று கிடைத்தது அரை இறாத்தல். பட்டறைக்குப் பிந்தித்தான் போனேன்.

என் மேசையில் ஒரு கடிதம். குறிஞ்சாக்கேணிப் பள்ளிக்கூடத்து அதிபர் காசீம் மாஸ்டர் எழுதியது. போன மாதம் நாங்கள் அனுப்பிய பன்னிரண்டு ஆசிரியர் மேசைகளில் ஏழின் லாச்சி, இழுப்பறை, பழுதாம். இழுத்தால் வராது, வந்தால் திரும்பப் போகாது. ஒன்றின் அடித்தட்டு கழன்று, கொப்பிக் கட்டோடு நூர்ஜஹான் என்ற ரீச்சரின் காலில் விழுந்து பெருவிரல் நகம் போய்விட்டதாம்.

மேசைகளைப் பலகை பலகையாகக் கட்டித்தான் அனுப்புகிறோம். பலகைகளைப் பொருத்திப் பூட்டி அனுப்பினால் லொறியில் எட்டுக்கு மேல் ஏறாது. பலகையாக என்றால் முப்பது போகும். பள்ளிக்கூடத்தில் அவர்களே பூட்டிக்கொள்ள வேண்டும். அந்த மேசையின் படம் நான் கீறியது. லாச்சியின் படமும் நான்தான்.

முதலாளி கடிதத்தை வாசித்துவிட்டுச் சிரித்தார். "பூட்டத் தெரியாத சனத்துக்கு மேசை என்னத்துக்கு? பாயில இருந்து படிப்பிக்கட்டும்."

எங்கள் பட்டறையின் மூத்த தச்சர் இப்றாகீம் ஓடாவி கிண்ணியாக்காரர். அவர் சீவுளியை நிறுத்தவில்லை. ஆனால் வெகுநேரம் ஒரே இடத்தையே சீவிக்கொண்டு நின்றார்.

மறக்காமல்: மை, அழிறப்பர், அக்காவுக்குத் தைலம்.

செப்டெம்பர் 4, செவ்வாய்

காற்று குறையவில்லை. படத்தாளின் நாலு மூலையிலும் நாலு திருகாணிப் பெட்டி வைத்துத்தான் வேலை.

முதலாளி கல்விக் கந்தோருக்குப் போய் வந்தார். முகத்தில் நல்ல சந்தோஷம். ஏழு லாச்சியையும் பூட்டியது அந்த நூர்ஜஹான் ரீச்சர்தானாம். அரசாங்கப் பொருளைச் சேதப்படுத்தியதற்கு விளக்கம் கேட்டுக் கந்தோரிலிருந்து அவவுக்குக் கடிதம் போயிருக்கிறது. வியாழன் 13இல் பள்ளிக்கூடத்தில் விசாரணை. வேலைக்கு வந்து ஒரு வருஷம், நியமனம் இன்னும் நிரந்தரமில்லை. அவவின் வேலைக் கோவையில் இது ஏறினால் நிரந்தரமாகாது.

எனக்கு முன்னால் ஒரு தாளை வைத்தார். ஏற்கெனவே தட்டச்சு அடித்தாயிற்று. 'எமது தயாரிப்பில் எவ்வித குறையுமில்லை. பூட்டியவரின் கவனயீனமே காரணம்.' கீழே என் பெயர், படம் வரைந்தவர் என்று.

"ஒரு கையெழுத்து, றெஜினா."

"லாச்சியைப் பாத்திட்டு வைக்கிறன்."

"பாக்கிறதுக்கு என்ன கிடக்கு? படம் சரியெண்டு நீங்கதானே சொன்னனீங்கள்?"

"சொன்னனான். இப்ப எனக்குத் தெரியேல்ல."

தாளை மேசையிலேயே விட்டுப் போனார். பேனையையும் மேலே வைத்துவிட்டு.

வீட்டில் தெரேசா அக்காவிடம் சொன்னேன். "ஊரில ஆம்பிளையளே வேலையில்லாமல் நிக்கிறாங்கள். உனக்கு இருக்கிற ஒண்டும் பாரமோ?" என்றா. இரவுக்கு மரவள்ளிக் கிழங்கு, கட்டைச் சம்பல்.

துறைமுகத்து டொக்யாட் கந்தோரில் பத்தொன்பது வயதில் சேர்ந்தேன். வெள்ளைக்காரன் கீறிய படத்துக்கு மேல் மெல்லிய தாளை வைத்துப் பிரதி எடுக்கிற வேலை. பிழை இருந்தால் பிழையோடு பிரதி எடு என்பார்கள். அவன் போய்ப் பதினாறு வருஷம். இனியும் நான் பிழையைப் பிரதி எடுக்கவோ?

செப்டெம்பர் 6, வியாழன்

லீவு கேட்கவில்லை. போய்விட்டேன்.

சீனன்குடாவால் பஸ், பிறகு அக்கரைக்கு ஏற்றிப்போகிற கிண்ணியாப் பாதை. லொறி, மாட்டுவண்டி, ஆட்கள் எல்லாம் அந்த ஒரு தட்டையான தெப்பத்தில். பக்கத்தில் இரண்டு பெண்கள்: "நேத்தும் சீனி இல்ல." "சீனி எப்படி இரிக்கும்னே மறந்து போச்சு."

காசீம் மாஸ்டர் மரியாதையான மனிதர். கதிரை போட்டார், தேத்தண்ணி தந்தார், பட்டறையிலிருந்து வந்தனான் என்றதும் முகம் இறுகிவிட்டது. நூர்ஜஹான் ரீச்சரைக் கூப்பிட்டார். இருபத்திரண்டு இருபத்துமூன்று வயது. காலில் துணிக்கட்டு. முக்காட்டுத் தலைப்பைக் கையில் சுற்றிச் சுற்றி அவிழ்த்தபடி நின்றா.

"நான் வேணும்னு செய்யல்ல மிஸ்."

"தெரியும் ரீச்சர். ஒண்டைக் கழட்டி, முந்திப் பூட்டின மாதிரியே எனக்கு முன்னால பூட்டிக் காட்டுவீங்களோ?"

பூட்டிக் காட்டினா. நிலத்தில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். கவனயீனமா! பள்ளிப் பிள்ளை எழுத்துப் பழகுவதுபோல ஒவ்வொன்றையும் தொட்டுத் தொட்டு எடுத்தா. பக்கப் பலகையின் இரண்டு நுனியிலும் ஒரே மாதிரித் துளை. எது முன், எது பின்? பின்பலகை மற்றவையைவிட ஒடுக்கம். அதை மேலே ஏற்றிப் பூட்டினால்தான் கீழே அடித்தட்டு நுழைய இடம் இருக்கும். அவ கீழே இறக்கிப் பூட்டினா. யாராக இருந்தாலும் அப்படித்தான் செய்வார்கள், பலகை நிலத்தில்தானே நிற்கிறது. பிறகு அடித்தட்டு நுழையவில்லை. அதனால் அடியிலிருந்து ஆணி அடித்திருக்கிறா. பாரம் ஏற ஏற ஆணி கழன்றது.

"பூட்டுற விதம் எழுதின தாள் வரேல்லையோ?"

"வந்திச்சி மிஸ். கட்ட அவுத்த உடனே காத்து எடுத்துட்டுப் போயிட்டு."

நான் கண்ணை மூடிக்கொண்டு ஒரு பக்கப் பலகையை எடுத்துப் பூட்டிப் பார்த்தேன். தலைகீழ். மறுபடியும். முன்பின் மாறி. ஒரு பலகையை நாலு விதமாக வைக்கலாம், மூன்று பிழை. அந்த மூன்று வாசலையும் திறந்து வைத்தவள் நான்.

"இத நீங்கதான் கீறினதா மிஸ்?"

"ஓம்."

"உங்களுக்கே பிழைக்குதே!" சொல்லிவிட்டு வாயைப் பொத்திச் சிரித்தா. நானும் சிரித்தேன். திரும்பி வரும்போது பாதையில் சிரிப்பு வரவில்லை.

செப்டெம்பர் 7, வெள்ளி

முதலாளியிடம் சொன்னேன்: கையெழுத்து வைக்க மாட்டேன், குறை லாச்சியில்.

கத்தவில்லை. கத்தியிருந்தால் நல்லது. மெதுவாகச் சொன்னார். "சரி, பூட்டுற விதம் எழுதின தாளில இன்னும் ரெண்டு வரி கூட எழுதுங்கோ. பிழையாப் பூட்டினால் நாங்கள் பொறுப்பில்லை எண்டு. அது போதும்."

"தாளைக் காத்து கொண்டுபோகுது. வாசிக்கவும் நேரமில்லை. லாச்சி தானே தன்னைச் சொல்ல வேணும்."

"லாச்சி கதைக்குமோ?"

"கதைக்கப் பண்ணுறன்."

"திங்கள் வரைக்கும் யோசியுங்கோ. அதுக்குப் பிறகு உங்கட இடத்துக்கு வேற ஆள் பாப்பன்."

பின்னேரம் கழிவுப் பலகையில் ஒரு லாச்சி. துளைகளை ஏற்றத்தாழ்வாக வைத்தேன்: முன்நுனியில் மூன்று, பின்நுனியில் இரண்டு. பிழையாக வைத்தால் மற்றப் பலகையின் மர முளை துளைக்குள் போகாது. ஓடாவியார் ஒரு கதையும் கேட்காமல் துளைத்துத் தந்தார்.

செப்டெம்பர் 8, சனி

பலகைகளை வீட்டுக்குக் கொண்டுவந்து அக்காவிடம் கொடுத்தேன். "பூட்டுங்கோ. நான் ஒண்டும் சொல்லமாட்டன்."

பிழையாக வைத்தா. முளை போகவில்லை. குசினிக்குப் போய் அம்மிக்குழவியைத் தூக்கிக்கொண்டு வந்தா. ஒரே இடி. பலகை இரண்டாகப் பிளந்தது.

"உன்ர லாச்சி சரியில்லை," என்றா.

உண்மை. கிட்டத்தட்டப் பொருந்துகிற ஒன்றைக் கையில் கொடுத்து, 'இல்லை' என்றால் மனிசர் இடிப்பார்கள். நானும் இடிப்பேன்.

செப்டெம்பர் 9, ஞாயிறு

தேவாலயத்தில் பூசை. சுவாமி எதைப்பற்றிப் பிரசங்கம் வைத்தார் என்று கேட்டால் தெரியாது. பாட்டுத்தாளின் பின்பக்கம் பென்சில் சும்மா ட, ட, ட என்று கீறிக்கொண்டிருந்தது. ஒரு ட-வுக்கு எதிரே தலைகீழாக இன்னொரு ட. பெட்டி மூடிக்கொண்டது.

எழும்பி நிற்க வேண்டிய இடத்தில் இருந்துவிட்டேன். அக்கா இடித்தா.

முன்பலகை, பின்பலகை, இடம், வலம் என்று ஏன் நாலு பேர்? நாலும் ஒன்றாக இருந்தால்? லாச்சி சதுரம். அடித்தட்டும் சதுரம், அதற்கு எந்தப் பக்கமும் சரி. ஒவ்வொரு பலகையின் ஒரு நுனியில் முளை, மறு நுனியில் உட்புறமாகத் துளை. இரண்டு பலகை சேர்ந்தால் ஒரு ட. இரண்டு ட-வை எதிரெதிரே வைத்து நடுவில் தட்டைச் செருகித் தள்ளினால் முடிந்தது. தட்டு நுழைகிற தவாளிப்பு, அந்த நீளப் பள்ளம், மேலேயும் கீழேயும் இருக்கட்டும், முழு லாச்சியைக் கவிழ்த்தாலும் அதே லாச்சி. ஒரு பலகையை மட்டும் தலைகீழாக வைத்தால்? முளைக்கு நேரே முளை வரும். உள்ளே வெளியே மாற்றினால்? துளையே இராது. இடிப்பதற்குக்கூட ஒன்றும் இராது!

மத்தியானச் சாப்பாடு ஆறிவிட்டது. அக்கா பேசினா. பேசட்டும்.

செப்டெம்பர் 10, திங்கள்

ஓடாவியாருக்குப் படத்தைக் காட்டினேன். வெகுநேரம் பார்த்தார். தாளைத் தலைகீழாகத் திருப்பிப் பார்த்தார். மறுபடி திருப்பினார்.

"எப்படித் திருப்பினாலும் இதுதான்."

"ஓம் ஓடாவியார். ஒரு இடம்தான் இடிக்குது. லாச்சி ஓடுறதுக்கு ரெண்டு பக்கமும் வெளியால மரச்சட்டம் வேணும். முன்னுக்குக் கைபிடி வேணும். அப்ப பலகை மூண்டு விதமாப் போகுதே."

அவர் காதிலிருந்த பென்சிலை எடுத்தார். "நாலு பலகையிலயும் நடுவில சட்டத்தை வை தங்கச்சி. பக்கத்தில இருக்கிறதில லாச்சி ஓடட்டும். முன்னுக்கு இருக்கிறதப் புடிச்சு இழுக்கட்டும். பின்னுக்கு இருக்கிறத ஆரு பாக்கப் போறா?"

அவருடைய கையைப் பிடித்துக் குலுக்க வேண்டும் போல இருந்தது. ஏலாது. தேத்தண்ணி வாங்கிக் கொடுத்தேன்.

பின்னேரம் முதலாளி வந்தார். "இதை ஆர் கேட்டது?"

"ஒருத்தரும் கேக்கேல்ல."

"கையெழுத்து?"

"இல்லை."

என் பெயரை வெட்டிவிட்டுத் தானே கையெழுத்து வைத்துக் கடிதத்தைக் கந்தோருக்கு அனுப்பிவிட்டார். என் கண் முன்னாலேயே.

செப்டெம்பர் 11, செவ்வாய்

புது லாச்சி தயார். நாலு பலகை, ஒரு சதுரம்.

அக்கா: சரி. குழவி தேவைப்படவில்லை.
பக்கத்து வீட்டு மீன்காரர்: சரி, பீடியை வாயில் வைத்தபடியே.
நான், கண்ணைக் கட்டிக்கொண்டு: சரி.

பிறகு அக்காவிடம், "இப்ப வேணுமெண்டே பிழையாப் பூட்டுங்கோ," என்றேன். அரை மணித்தியாலம் மல்லுக்கட்டினா. "ஏலாதடி. என்ன சாமானைச் செய்து வைச்சிருக்கிறாய்?" இப்படி ஒரு பாராட்டை நான் டொக்யாட்டில் ஒரு நாளும் கேட்கவில்லை.

செப்டெம்பர் 13, வியாழன்

ஒரு கையில் பழைய லாச்சியின் பலகைகள், மறு கையில் புதியவை. என்னை யாரும் அழைக்கவில்லை.

அதிபரின் அறை. கல்விக் கந்தோர் அதிகாரி, முதலாளி, காசீம் மாஸ்டர். நூர்ஜஹான் ரீச்சர் நின்றபடி. அதிகாரி எங்கள் பட்டறைக் கடிதத்தை உரத்து வாசித்தார். கவனயீனம் என்ற சொல் வந்த இடத்தில் ரீச்சர் நிலத்தைப் பார்த்தா.

உள்ளே போனேன். "சேர், அந்த லாச்சியைக் கீறினது நான். பிழை படத்தில. ரீச்சரில இல்லை."

முதலாளி எழும்பிவிட்டார். "இவ பட்டறைக்காகக் கதைக்க வரேல்ல!"

"இல்லை. எனக்காகத்தான் வந்தனான்."

பழைய பலகைகளை அதிகாரியின் மேசையில் வைத்தேன். பூட்டுகிற விதம் எழுதிய தாளையும் வைத்தேன். "சேர், ஒருக்கா நீங்கள் பூட்டிப் பாருங்கோ."

அவர் என்னைக் கோபமாகப் பார்த்தார். பிறகு என்ன நினைத்தாரோ, சட்டைக் கையை மடித்தார். தாளை வாசித்தார். பக்கப் பலகைகள் இரண்டு. பின்பலகை, கீழே இறக்கி. அடித்தட்டை நுழைத்தார். போகவில்லை. திருப்பினார். போகவில்லை. நெற்றியில் வேர்வை.

"ஒரு சுத்தியல் இருக்கா?" என்றார்.

கேட்ட வாய் அப்படியே நின்றது. ரீச்சரின் காலைப் பார்த்தார், துணிக்கட்டை. தட்டை மேசையில் வைத்துவிட்டார்.

புதியதை நீட்டினேன். தாள் இல்லை, விளக்கம் இல்லை. ஒரு ட. இன்னொரு ட. தட்டு. தள்ளினார். காசீம் மாஸ்டர் அலுமாரியிலிருந்து ஒரு கட்டுக் கொப்பியை எடுத்து உள்ளே வைத்துத் தூக்கிக் குலுக்கிப் பார்த்தார். அசையவில்லை.

அதிகாரி: "ரீச்சர், நீங்க விளக்கம் எழுதத் தேவையில்ல." முதலாளியைப் பார்த்து: "ஏழு லாச்சியையும் இந்த மாதிரி மாத்தித் தாங்க."

நூர்ஜஹான் ரீச்சர் வாசல்வரை நொண்டி நொண்டி வந்தா. என் பலகைப் பையைக் கையிலிருந்து வாங்கி வீதிவரை சுமந்தா. வேண்டாம் என்றேன், விடவில்லை.

திரும்பும்போது பாதைத் தெப்பத்தில் முதலாளி மறு நுனியில் நின்றார். இறங்கும்போது பக்கத்தில் வந்து, "நாளைக்கு வர வேண்டாம்," என்றார்.

செப்டெம்பர் 14, வெள்ளி

போனேன்.

அக்கா தடுக்கவில்லை. சோற்றுப் பார்சலைக் கட்டித் தந்தா.

என் மேசையைத் துடைத்துவிட்டு இருந்தேன். முதலாளி வந்தார், பார்த்தார், உள்ளே போனார். பத்து நிமிஷம் கழித்துத் திரும்ப வந்தார். "அந்தப் படத்தைத் தாங்கோ. ஓடாவிக்கு வேணும்."

படம் என் பைக்குள்.

"தாறன். அந்த ரீச்சருக்கு ஒரு கடிதம் போகவேணும். குறை எங்கடை, பட்டறை வருந்துது எண்டு. நீங்கள் கையெழுத்து வைக்கவேணும்."

"ஒரு சின்னப் பிள்ளையிட்டை நான் மன்னிப்புக் கேக்கிறதோ?"

"ஓம்."

"நான் கேக்காட்டி?"

"படம் என்னோட வரும்."

பட்டறையில் மரம் அறுக்கிற வாள் சத்தம் நின்றுவிட்டது. எல்லாரும் வேறெங்கோ பார்ப்பதுபோல் நின்றார்கள். ஓடாவியார் மட்டும் நேரே எங்களையே பார்த்தார்.

கடிதம் நேற்றே எழுதி வைத்திருந்தேன். மூன்று வரி. வாசித்தார். 'வருந்துகிறோம்' என்ற சொல்லை வெட்டப் பேனையைக் கொண்டுபோனார். நான் படச்சுருளைத் திரும்பப் பைக்குள் வைத்தேன். வெட்டவில்லை. கையெழுத்து வைத்தார், கடதாசி கிழிகிற மாதிரி.

நானே தபாற்கந்தோருக்குப் போய்ப் பதிவுத் தபாலில் போட்டேன். வந்து படத்தை விரித்துக் கொடுத்தேன். ஓடாவியார் வாளை எடுத்துவிட்டார்.

இருபத்தெட்டுப் பலகை, ஏழு சதுரம். திங்களுக்கு முன் ஏழு மேசைக்கும் லாச்சி ஓடுகிற உள்சட்டம் அளக்க வேண்டும்.