மேல் தளத்தில் எத்தனை அறை

லீட்ஸ்
நவம்பர் 12

அலிஸ்டருக்கு,

'அன்புள்ள' என்று தொடங்கத்தான் கை போனது. நிறுத்திக்கொண்டேன். நீ சுகமாகத்தான் இருப்பாய். அபர்தீனில் அண்ணன் வீட்டில் வேளாவேளைக்குச் சூப்பும் அனுதாபமும் கிடைக்கும்போது உனக்கென்ன குறை. நான் சுகமாக இல்லை, நீ கேட்கவும் இல்லை.

அலுவலக விஷயமாகத்தான் எழுதுகிறேன். போன் செய்தால் எடுப்பதில்லை. மின்னஞ்சல் போட்டால் 'பார்க்கிறேன்' என்று ஒற்றை வார்த்தை வருகிறது. கடிதம் என்றால் நீ பிரிக்கும்வரை உன் அண்ணி விடமாட்டாள்.

நீ தேடிப் பிடித்த இடத்தின் லட்சணத்தைக் கேள். தரை, சீலிங், விளக்கு மட்டும் போட்ட தளமாக எடுத்து, நமக்கு வேண்டிய அறைகளை நாமே கட்டிக்கொள்வோம் என்று நான் தலைபாடாக அடித்துக்கொண்டேன். வீடியோ கேம் கம்பெனி விட்டுப்போன இந்தத் தளத்தைப் பார்த்ததும் நீ மயங்கிவிட்டாய். "எல்லாம் ரெடியா இருக்கு லோர்னா. திங்கக்கிழமை வந்து உக்காந்துடலாம், நாற்காலிகூட வாங்க வேணாம்" என்றாய். சுவர் வேண்டாமா என்று கேட்டதற்குச் சிரித்தாய். "காலி பண்றப்ப நாமளே இடிச்சுக் குடுக்கணும்னு கட்டடக்காரன் ஒப்பந்தத்துலயே போட்டிருக்கான். இடிக்கப்போற சுவத்த எதுக்குக் கட்டணும்?"

பிரியப்போகிற கணவன் மனைவியை ஆளுக்கோர் அறையில் உட்காரவைத்து, நடுவில் ஓடி ஓடிப் பேசி முடிப்பது நம் பிழைப்பு. யார் முதலில் வருவது, யார் பின்வாசல் வழியாகப் போவது என்றெல்லாம் எனக்குச் சொல்லிக் கொடுத்தவனே நீ. அந்த நீதான் எல்லா அறையும் கண்ணாடியாக இருக்கும் இடத்தை, நடுவில் தொங்கும் ஊஞ்சலோடு சேர்த்து வாடகைக்கு எடுத்தாய். கூத்துதான்.

ஓல்ட்ராய்ட் தம்பதி வந்த நாளன்று நீ நீதிமன்றத்தில் இருந்தாய், அதனால் முழுக்கச் சொல்கிறேன். கிறிஸ்துமஸுக்குப் பிள்ளைகள் யாரிடம் இருப்பது என்பது ஒன்றுதான் பாக்கி. காலையில் அவரிடம், மத்தியானத்துக்குப் பிறகு தன்னிடம் என்று அந்த அம்மா பாதி ஒப்புக்கொண்டாயிற்று. அப்போது தலையை நிமிர்த்தினாள். எதிர்க் கண்ணாடிக்குள் புருஷன் பிஸ்கட் கடித்துக்கொண்டு போனைப் பார்த்துச் சிரிக்கிறான். "நான் இங்க அழுதுக்கிட்டு இருக்கேன், அவருக்குச் சிரிப்பு வருது பாருங்க. காலையும் கிடையாது, மத்தியானமும் கிடையாது" என்று பையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். அவன் பார்த்தது அவர்களுடைய சின்ன மகள் அனுப்பிய வீடியோ. அதைச் சொல்ல நான் படி இறங்கி ஓடினேன். கார் கிளம்பிவிட்டது. இனி அந்தப் பிள்ளைகளின் கிறிஸ்துமஸை ஒரு நீதிபதி முடிவு செய்வார்.

மறுநாள் கண்ணாடியெல்லாம் பழுப்புக் காகிதம் ஒட்டினேன். 'கடைய மூடிட்டாங்களா' என்று கீழே காப்பிக் கடையில் கேட்கிறார்களாம், கிர்ஸ்டி வரவேற்பு மேசையிலிருந்தே அறிவித்தாள். காகிதம் தீர்ந்துபோய் ஓர் அறை மட்டும் மிச்சம் இருந்தது. நீயும் நானும் சண்டை போட அந்த அறைக்குள்தான் போனோம். நீ விரலை நீட்டியதையும் நான் கோப்புக்கட்டை வீசியதையும் ஊழியர் அத்தனை பேரும் நின்று பார்த்தார்கள். நீ ரயிலேறிப் போன பிறகு கிர்ஸ்டி தேநீர் கொண்டுவந்து வைத்தாள். "சத்தியமா ஒரு வார்த்தை வெளிய கேக்கல லோர்னா. ஆனா அலிஸ்டர் அப்படியே அந்த ஓல்ட்ராய்ட் மாதிரி இருந்தாரு" என்றாள். நான் யார் மாதிரி இருந்தேன் என்று கேட்கவில்லை.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். மேல் தளம் காலியாகிறது. கட்டடக்காரரின் ஏஜெண்டு தில்லன் வந்து, இதை விட்டுவிட்டு அதை எடுத்துக்கொள்ளலாம் என்றார். "கண்ணாடி ரூம்ல விவாகரத்துப் பேசலாம்னு எந்தப் புண்ணியவான் சொன்னாரு?" என்றும் கேட்டார். என் புருஷன் என்றேன். வெறும் கான்கிரீட்டாக எடுத்தால் வாடகை இன்னும் குறையும் என்றார். குழாயும் வயரும் நாம் இழுத்து முடிப்பதற்குள் ஊரில் பாதிப்பேர் பிரிந்து, மறுமணமும் முடித்துவிடுவார்கள். அதனால் தரை, சீலிங், விளக்கு, ஹீட்டர் போட்ட நிலையில் கேட்டிருக்கிறேன், அதாவது நான் முதலில் சொன்னதை. வெள்ளிக்கிழமைக்குள் இரண்டு பேரும் கையெழுத்துப் போட வேண்டும்.

வரைபடம் போட வந்த பெண், த்வெய்ட், கெட்டிக்காரி. இரண்டு கோடியிலும் கெட்டிச் சுவரோடு அறைகள், தனித்தனி வாசல், தனித்தனிக் கழிப்பறை என்று நான் சொல்லும் முன்பே போட்டுவிட்டாள். பிறகு, "நீங்களும் உங்க வீட்டுக்காரரும் எங்க உக்காருவீங்க? ஒரே ரூமா, தனித்தனியா?" என்றாள். பழைய இடத்தில் இத்தனை வருடம் ஒரே அறையில், எதிரெதிரே இருந்தோம். நீ பென்சிலால் மேசையைத் தட்டுவாய், எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அவளிடம் சமையல் மேடை எவ்வளவு நீளம் வரும் என்று கேட்டேன். அவள், "அப்புறமா சொல்லுங்க" என்று சமையல் மேடையை அளக்கப் போய்விட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை உன் அண்ணன் போன் செய்தார். "அவனுக்குக் கொஞ்சம் அவகாசம் குடும்மா" என்றார். நடுவில் நின்று பேசுவது என் தொழில், நீங்கள் அதில் இறங்க வேண்டாம் என்று வைத்துவிட்டேன். பாவம், நல்ல மனிதர். அவரிடம் மன்னிப்புக் கேட்டதாகச் சொல். உன்னிடம் கேட்கவில்லை.

ஒப்பந்தத்தையும் வரைபடத்தையும் இத்துடன் வைத்திருக்கிறேன். வரைபடத்தில் நம் இடம் மட்டும் வெறுமையாக இருக்கிறது. இரண்டு அறை என்றால் நடுவே நீயே கோடு போட்டு, கையெழுத்தோடு திருப்பி அனுப்பு. நான் தாங்கிக்கொள்வேன். ஒரே அறை என்றால் தபாலில் எதையும் அனுப்பாதே. வியாழக்கிழமை ரயிலில் ஏறி வா. மிச்சச் சண்டையை நேரில் போட்டுக்கொள்ளலாம்.

அங்கே குளிர் அதிகம் என்கிறார்கள். உடம்பைப் பார்த்துக்கொள்.

லோர்னா