வெள்ளைப் பூ யாருக்கு வந்தது

உத்திரமேரூர்,
14.9.2024

அன்புள்ள மகன் அரவிந்தனுக்கு,

அம்மா எழுதிக்கொண்டது. நீயும் ஜெயப்பிரியாவும் குழந்தையும் மஸ்கட்டில் நோய்நொடி இல்லாமல் இருக்க எல்லையம்மனை வேண்டிக்கொள்கிறேன். இங்கே நாங்கள் அனைவரும் நலம் என்று அடுத்த வரியை எழுதத்தான் கை போகிறது, பழக்க தோஷம். ஆனால் இந்த வீட்டில் ஒன்றரை மாதமாகப் பொய் சொன்னவர்கள் போதும், அந்தக் கூட்டத்தில் நானும் சேர வேண்டாம். நான் நலமில்லை. அது எனக்கு முன்னாடியே உனக்குத் தெரியும். போனில் கேட்டிருக்கலாம், ஆனால் நீ குறுக்கே பேசுவாய், இல்லாவிட்டால் அழுவாய், அதுவும் இல்லாவிட்டால் சிக்னல் இல்லை என்று வைத்துவிடுவாய். காகிதத்தில் குறுக்கே பேச முடியாது. பக்கத்து வீட்டு மோகன்குமார் லீவு முடிந்து திங்கட்கிழமை அங்கே திரும்புகிறான், அவன் கையில் கொடுத்தனுப்புகிறேன். உட்கார்ந்து முழுசாகப் படி. பாதியில் நிறுத்திவிட்டு உன் நைனாவுக்கு போன் போடாதே.

ஆடி பிறந்ததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை என்பதும், ஆஸ்பத்திரியில் வாய் வழியாகக் குழாய் விட்டுப் பார்த்ததும் உனக்குத் தெரியும். டாக்டரைப் பார்த்துவிட்டு வெளியே வந்த உன் நைனா, வெறும் வயித்துப் புண்ணுதான், அல்சர், காரத்தக் கொறச்சிக்கினா சரியாப் பூடும் என்றார். நானும் நம்பினேன். முப்பது வருஷம் சத்துணவுக் கூடத்துப் புகையில் நின்றவளுக்கு அல்சர் வராமல் வேறு என்ன வரும் என்று நினைத்துக்கொண்டேன். ஆனால் மனிதர்கள் ஒரேயடியாக மாறிப்போனார்கள். கல்யாணமான நாளிலிருந்து என் குழம்பில் குறை சொல்லாமல் ஒரு வேளை சாப்பிடாத மனிதர், நான் வைத்த உப்பில்லாத ரசத்தை அமிர்தம் போலக் குடித்தார். சந்தையில் திராட்சை வாங்கி வந்தார். ராஜகுளத்திலிருந்து உன் அத்தை தேவகி ஆப்பிளும் ஹார்லிக்ஸும் தூக்கிக்கொண்டு வந்தாள், வந்தவள் என் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. நாத்தனார் கை பிடிக்கிற அளவுக்கு அல்சர் பெரிய வியாதியா என்று எனக்கு அப்போதே உறுத்தியது. பிறகு ஊரில் ஒவ்வொருத்தராக வந்து என்னைப் பார்த்துவிட்டுப் போனார்கள், திருவிழாவுக்குத் தேர் பார்க்க வருகிற மாதிரி.

போன வெள்ளிக்கிழமை தேவகி மறுபடி வந்தாள். கறிவேப்பிலை உருவிக்கொண்டு இருந்தவள் திடீரென்று அழ ஆரம்பித்தாள். என்னடி என்று அதட்டினேன். அவளுக்கு எப்போதுமே வாயில் எதுவும் தங்காது. பூவே வெள்ள வந்துட்ச்சி அண்ணி, அம்மனே வாணாம்னு சொல்லிட்டா, நாம இன்னா பண்ண முடியும் என்றாள். எந்தப் பூ என்று கேட்டேன். அதற்குப் பிறகுதான் அவளுக்குத் தன் வாய் தவறியது புரிந்தது. நானும் விடவில்லை. சாயங்காலத்துக்குள் எல்லாம் வெளியே வந்துவிட்டது.

அரவிந்தா, இப்போது நீ நன்றாக யோசித்துப் பார். ஆவணி முதல் வெள்ளியன்று எல்லையம்மன் கோவிலில் பூக்கட்டிப் பார்க்கலாம் என்று உன் நைனா என்னைக் கூட்டிக்கொண்டு போனார். எதற்கு என்று கேட்டேன். இளவரசிக்கு வந்திருக்கிற தாமல் ஊர்ச் சம்பந்தத்தை முடிக்கலாமா வேண்டாமா என்று கேட்கத்தான் என்றார். சிவப்பு வந்தால் செய்வது, வெள்ளை வந்தால் விட்டுவிடுவது. இரண்டு பொட்டலம் கட்டி அம்மன் காலடியில் வைத்து, கற்பூரம் காட்டி, என்னையே எடுக்கச் சொன்னார். நீ மஸ்கட்டிலிருந்து வீடியோவில் பார்த்துக்கொண்டிருந்தாய். தங்கச்சி கல்யாணத்தில் இவனுக்குத்தான் எவ்வளவு அக்கறை என்று எனக்குப் பெருமையாக இருந்தது. எடுத்தேன். நந்தியாவட்டை. வெள்ளை. உன் முகம் செல்போனில் அப்படியே அணைந்துபோனது. உன் நைனா தூணைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். மகள் கல்யாணம் தட்டிப்போனதற்கா இவ்வளவு வருத்தம் என்று நான்தான் உங்கள் இரண்டு பேருக்கும் ஆறுதல் சொன்னேன். ஆறுதல் சொன்னேன், ஞாபகம் இருக்கிறதா. எனக்கு வந்த புற்றுநோய்க்கு வைத்தியம் செய்வதா வேண்டாமா என்று என் கையாலேயே சீட்டு எடுக்க வைத்துவிட்டு, என்னிடமே ஆறுதலும் வாங்கிக்கொண்டீர்கள்.

அம்மாவுக்குத் தெரிந்தால் பயத்திலேயே உயிர் போய்விடும் என்று நீதான் சொன்னாயாம். என்னைப் பற்றி உனக்குத் தெரிந்தது அவ்வளவுதானா. சாம்பாரில் பல்லி விழுந்த அன்றைக்கு, யாருக்கும் தெரியாமல் எடுத்துப் போட்டுவிடலாம் என்று ஆயம்மா சொன்னபோது, எண்பது பிள்ளைகள் தட்டோடு உட்கார்ந்திருக்கும்போதே அண்டாவைக் கவிழ்த்துவிட்டு, பி.டி.ஓ. ஆபீசுக்கு நானே போன் செய்து சொன்னவள் நான். அதற்கு மெமோ வாங்கினேன், அழவில்லை. வயிற்றுக்குள் போகிற விஷயத்தில் மறைக்கக் கூடாது என்று அன்றைக்கு உனக்குப் படித்துப் படித்துச் சொன்னேன். என் வயிற்றில் இருப்பதையே நீ மறைத்தாய். பெற்ற மகன் என்பதால் திட்டுகிறேன், மற்றவனாக இருந்தால் வாசலோடு பேச்சை முடித்திருப்பேன்.

தெய்வத்தை நான் குறை சொல்லவில்லை. பூக்கட்டிப் பார்ப்பதில் எனக்கும் நம்பிக்கை உண்டு, இந்த வீட்டு மனையே அப்படிக் கேட்டு வாங்கியதுதான். ஆனால் கேட்பவள் மனசில் என்ன இருக்கிறதோ அதற்குத்தான் அம்மன் பதில் சொல்வாள். நான் அன்றைக்குக் கண்ணை மூடிக்கொண்டு, தாயே, இந்தத் தாமல் சம்பந்தம் வேண்டாம், வெள்ளையைக் கொடு என்றுதான் வேண்டினேன். கொடுத்தாள். என் நோயைப் பற்றி அவளிடம் யார் கேட்டது. நான் கேட்கவில்லை. நீங்கள் என் முதுகுக்குப் பின்னால் நின்று திருட்டுத்தனமாகக் கேட்டதற்கு அவள் பதில் சொல்லியிருப்பாள் என்று எனக்குத் தோன்றவில்லை. அந்த வெள்ளைப் பூவைக் காட்டி என் வைத்தியத்தை நிறுத்தினீர்களே, அது என்ன நியாயம்.

இதில் நான் செய்த தப்பையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நான் மட்டும் யோக்கியம் போல ஆகிவிடும். தாமல் பையன் பெண் பார்க்க வந்த அன்றைக்குச் சாப்பிட்ட இலையை வெளிப்பக்கமாக மடித்துவிட்டு எழுந்தான். துக்க வீட்டில் மடிப்பது போல. அந்தக் கோபத்தில்தான் வெள்ளை வேண்டினேன், வந்ததும் மறுநாளே அவர்கள் வீட்டுக்கு போன் செய்து பூ உத்தரவு இல்லை என்று சொல்லிவிட்டேன். தேவகி சொன்ன பிறகு இளவரசியைப் பிடித்து, உனக்கும் தெரியுமாடி என்று கத்தினேன். தெரியும் என்றாள். என் கல்யாணத்துக்குன்னு சொன்னாதான் நீ சந்தேகப்படமாட்டன்னு நைனாதாம்மா சொன்னாரு, எனக்கு அந்த மாப்ளயப் புடிச்சிருந்துச்சி, வெள்ள வந்துட்ச்சின்னு நீ சிரிச்சிக்கினே வந்து சொன்ன, நான் இன்னான்னு சொல்றது என்றாள். ஒரே பூவில் தாயும் போய், பிடித்தவனும் போய், அந்தப் பெண் தினமும் கம்பெனி பஸ் ஏறி வேலைக்குப் போய் வந்து எனக்குக் கஞ்சி காய்ச்சிக் கொடுத்துக்கொண்டு இருந்திருக்கிறாள். உங்கள் யாருக்கும் அது உறைக்கவில்லை. எனக்கும் உறைக்கவில்லை. அவளிடம் நான் ஒரு வார்த்தை கேட்டேனா. நீங்கள் எனக்குச் செய்ததைத்தான் நான் அவளுக்குச் செய்திருக்கிறேன். இலையை எந்தப் பக்கம் மடிப்பது என்று அந்தப் பையனுக்கு யாரும் சொல்லித் தரவில்லை போல. தாமலுக்கு மறுபடி போன் செய்து நடந்ததை எல்லாம், என் வியாதி உட்பட, சொல்லிவிட்டேன். பையனுடைய அம்மா யோசித்துச் சொல்கிறோம் என்றார்கள். சொல்லட்டும், சொல்லாமல் போகட்டும், மறைத்துச் செய்கிற கல்யாணம் வேண்டாம்.

போன திங்கட்கிழமை நானே ஆஸ்பத்திரி ஃபைலைத் தேடி எடுத்தேன். மாட்டுத் தீவன மூட்டைக்குப் பின்னால் ஒளித்து வைத்திருந்தார் உன் நைனா. தனியாக பஸ் ஏறி ஆஸ்பத்திரிக்குப் போனேன். டாக்டரம்மா உன் வயசுதான் இருப்பாள். வீட்டுக்காரர் சொல்ல வேண்டாம் என்று கெஞ்சிக் கேட்டார் என்றாள். நான் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டு, வயிறு என்னுது, என்கிட்ட சொல்லு என்றேன். சொன்னாள். இரைப்பையில் ஆரம்பித்து ஈரலுக்குப் போய்விட்டதாம். முழுசாகக் குணமாகாது. மருந்து ஏற்றினால் ஒரு வருஷம், ஆளைப் பொறுத்துக் கொஞ்சம் முன்னே பின்னே. ஏற்றாவிட்டால் அஞ்சாறு மாசம். மருந்து ஏற்றினால் வாந்தி வரும், வாய் புண்ணாகும், கால் மரத்துப்போகும், முடி கொட்டும். ஏற்றிக்கொள்ளாவிட்டாலும் வலிக்கு மருந்து உண்டு, கைவிட மாட்டோம் என்றாள். அதற்குப் பிறகு, உங்களுக்கு என்ன வேணும்மா என்று கேட்டாள். அரவிந்தா, அந்த ஒரு கேள்வியை இந்த ஒன்றரை மாதத்தில் என்னிடம் கேட்டது அவள் ஒருத்திதான். அங்கேதான் எனக்கு அழுகை வந்தது.

இரண்டு நாள் யோசித்தேன். எனக்குப் பயம் இருக்கிறது, இல்லை என்று சொல்ல மாட்டேன். மேல் தெருவில் மருந்து ஏற்றிக்கொண்டு அவஸ்தைப்பட்டு நாலே மாசத்தில் போன முனியம்மாளை நானே பார்த்திருக்கிறேன். இளவரசி கல்யாணத்தைப் பார்க்க ஆசை என்று ஊரில் சொல்வார்கள், அதுவும் ஒரு காரணம்தான். ஆனால் அது மட்டும் இல்லை. எனக்கு உயிரோடு இருக்கப் பிடித்திருக்கிறது. யாருக்காகவும் இல்லை, எனக்கே பிடித்திருக்கிறது. இதைச் சொல்ல நான் எதற்கு வெட்கப்பட வேண்டும். அதனால் மூன்று தடவை ஏற்றிக்கொள்வது, பிறகு ஸ்கேன் எடுத்துப் பார்ப்பது, உடம்பு ஒத்துக்கொண்டால் மேலே தொடர்வது என்று முடிவு செய்திருக்கிறேன். டாக்டரம்மாவும் சரி என்றாள். முதல் ஊசி வருகிற வியாழக்கிழமை. போதும் என்று என்றைக்கு நான் சொல்கிறேனோ அன்றைக்கு நிறுத்த வேண்டும். அன்றைக்கு நீ சென்னையில் பெரிய ஆஸ்பத்திரி என்று ஆரம்பிக்கக் கூடாது, உன் நைனா பொட்டலம் கட்டக் கூடாது. இந்த வார்த்தையை இந்தக் காகிதத்தில் எழுதி வைத்திருக்கிறேன், பத்திரமாக வைத்துக்கொள்.

உன் நைனாவை போனில் திட்டாதே. அவர் மேல் எனக்கு இருக்கிற கோபமே இன்னும் ஆறு மாசத்துக்கு வரும், நீ பங்கு கேட்காதே. அந்த மனிதர் நான்கு நாளாக மாட்டுக் கொட்டகையிலேயே உட்கார்ந்திருக்கிறார். நேற்று சோறு போட்டேன், உப்பு கொஞ்சம் தூக்கல் என்றார். அதைக் கேட்டதும்தான் எனக்கு மூச்சே வந்தது.

சொர்ணவாரி அறுப்பு முடிந்தது, நெல் காய்கிறது. குழந்தைக்கு வெயிலில் தொப்பி போடு. ஜெயப்பிரியாவை வேலைக்குப் போக வேண்டாம் என்று சொல்லாதே, போவதா வேண்டாமா என்று அவளையே கேள். அம்மனும் முன்னோர்களும் உங்கள் மூன்று பேருக்கும் துணை இருக்கட்டும், நீண்ட ஆயுசோடு இருங்கள். டிக்கெட் போட்டுக்கொண்டு ஓடி வர வேண்டாம், பொங்கலுக்கு வா, இருப்பேன். வியாழக்கிழமை காலையில் நான் கிளம்புவதற்கு முன்னால் போன் செய். எடுத்ததும் அழக் கூடாது, புத்தி சொல்லக் கூடாது. அம்மா, உனக்கு இன்னா வேணும் என்று கேள். கேட்டால் பதில் சொல்ல நான் இருக்கிறேன்.

இப்படிக்கு,
கோபம் தீராத உன் அம்மா,
தா. சுலோச்சனா