கண்ணாடி ஏற்றிய வண்டி

ஜோபின் கண்ணுக்கு அம்மா எழுதுவது. ஷார்ஜாவில் நீயும் ஜெனியும் பிள்ளையும் கர்த்தர் நிழலில் இருப்பீர்கள். இங்கே சுகம் என்று எழுதக் கை வரவில்லை. போனில் பேசினால் அழுதுவிடுவேன், அதனால் எழுதிப் படம் எடுத்து அனுப்புகிறேன். போன மாதம் வண்டி எப்படிம்மா ஓடுது என்று நீ கேட்ட அன்று நான் சொல்லாததை முதலில் சொல்லிவிடுகிறேன். வண்டிக்குள் பெட்ரோல் வாடை அடித்தது. சொல்ல வாயெடுத்தேன், அப்பா என் முழங்கையை அழுத்தினார். நல்லா ஓடுதுப்பா என்றேன். போனை வைத்த பிறகு, பிள்ள வெயில்ல நின்னு உழைச்சு வாங்கித் தந்தது, அவன்ட்ட போயி நொட்டை சொல்லுவியா என்றார்.

திருவொற்றியூருக்குப் பெட்ரோல் வாடை புதிதா. காற்று மணலி எண்ணெய் ஆலைப் பக்கமிருந்து திரும்பினால் கொடியில் காயும் துணியிலும் அதுதான். அதனால் இங்கே எல்லோரையும் போல அப்பாவும் வண்டியில் ஏறியதும் நாலு கண்ணாடியையும் ஏற்றி ஏசியைப் போட்டுவிடுவார், ஊர் வாடை வெளியோடு போகட்டும் என்று. அது உள்ளேயிருந்தே வருகிறது என்று எங்களுக்கு உறைக்க நாளாயிற்று. எதிர்வீட்டுச் செங்கொடி ஒருநாள் கூட ஏறியவள் மூக்கைப் பொத்திக்கொண்டு, இன்னாக்கா, காரு வாங்கினீங்களா, பங்க்கையே வாங்கிக்கினு வந்துட்டீங்களா என்றாள். அப்பாவும் சிரித்தார். நான்தான் பிடிவாதமாக அவரை சர்வீஸ் சென்டருக்கு அழைத்துப் போனேன். டை கட்டிய பையன் எந்த ஏரியா என்று கேட்டான், சொன்னோம், அப்ப வாடை வண்டில இல்ல சார், உங்க ஊர்லதான் என்றான். மறுபடி போனபோது வண்டியைக் கழுவி, உள்ளே எலுமிச்சை வாசனை டப்பா ஒன்றைத் தொங்கவிட்டு அனுப்பினார்கள். என் மூக்கை நம்புவதா அவர்கள் பேச்சை நம்புவதா என்று தடுமாறினேன். படித்தவர்கள் சொன்னால் நம் மூக்கே நமக்குப் பொய்யாகிவிடுகிறது.

போன ஞாயிறு ஆராதனை முடிந்து நானும் உன் தங்கை பெனிஷாவும் கோயில் வாசலில் பேசிக்கொண்டு நின்றோம். அப்பா போய் வண்டியில் ஏறி வழக்கம்போலக் கண்ணாடியை ஏற்றிவிட்டுச் சாவியைத் திருப்பினார். முன்பக்கம் தீ பிடித்து உள்ளே பாய்ந்தது. கதவு உடனே திறக்கவில்லை. தீக்குள் கைவிட்டுத் தள்ளித் திறந்திருக்கிறார். டீக்கடை ஆட்கள் இழுத்துப்போட்ட பிறகும், புள்ள வண்டி, புள்ள வண்டி என்றே சொல்லிக்கொண்டிருந்தார். காய்ச்சல் என்று பெனிஷா உன்னிடம் சொன்னது பொய். வீடியோவில் அவர் போர்வைக்குள் கை வைத்திருந்தது குளிரினால் இல்லை. இரண்டு கையும் வெந்திருக்கிறது. மளிகைக் கடையில் நாள் முழுக்கப் பொட்டலம் கட்டிய கை.

நீ அங்கே ஓட்டுவதும் இதே மாடல் வண்டி. அதற்காகத்தான் இத்தனையும் எழுதுகிறேன். பிள்ளையை அதில் ஏற்றாதே. கதவைத் திறந்ததும் வாடை அடித்தால் சாவி போடாதே, கட்டி இழுத்துக்கொண்டு போகச் சொல். ஊரைக் காரணம் சொன்னால் தலையாட்டிவிட்டு வராதே, என்னைப் போல. வாங்கித் தந்தோமே என்று உன்னை நீயே வதைத்துக்கொள்ளவும் வேண்டாம். ஜெனியை நேரத்துக்குச் சாப்பிடச் சொல். தேவன் உங்கள் போக்கையும் வரத்தையும் காப்பாராக.

உன் அம்மா,
ஜெஸ்லின்

காலையில் எழுதியதை அனுப்ப மனம் வராமல் வைத்திருந்தேன். சாயங்காலம் அப்பாவின் வலது கையில் மூன்று விரல்களை எடுத்துவிட்டார்கள்.