விழுந்த மரம் வரைக்கும்

ஊரிலிருந்து தங்கச்சி அனுப்பிய மிளகாய்த்தூள் இன்று காலை வந்து சேர்ந்தது. அதற்கு இடம் பண்ண ஃபிறீசரைக் கிளறியபோது, அடித்தட்டில், பழைய தூள் பைகளுக்குக் கீழே, இரட்டை முடிச்சுப் போட்ட அந்தச் சின்னப் பொதி கையில் தட்டுப்பட்டது. அவிழ்த்துப் பார்க்கத் தேவையிருக்கவில்லை. உனக்குக் காட்டுவதற்காக நான் எடுத்து வைத்தது. கை விறைக்கும் வரைக்கும் அதைப் பிடித்துக்கொண்டு குசினி நிலத்திலேயே இருந்துவிட்டேன்.

இந்தப் பொதிகளால் நம் இரண்டு வீட்டிலும் எவ்வளவு சண்டை! என் சிநேகிதி நீ, மிருக வைத்தியர். செத்துப்போன லிங்ஸ் காட்டுப்பூனைகளையும் ஓநாய்களையும் வெட்டிப் பார்த்து, நோயா, கார் மோதியதா, துவக்குக் குண்டா என்று சொல்வது உன் வேலை. வாரம் முழுக்கச் செத்தவற்றோடு இருந்தது போதாதென்று, ஞாயிற்றுக்கிழமை உயிரோடு இருப்பவற்றைத் தேடிக் காட்டுக்குப் போவாய். அங்கே பொறுக்கிய எச்சத்தைப் பையில் கட்டி, ஆய்வுகூடத்துக்குக் கொண்டுபோகும் வரை வீட்டு ஃபிறீசரில் வைப்பாய். எங்கள் ஆட்களின் ஃபிறீசரில் பழுப்பு நிறமாக ஒரு பை கிடந்தால் அது வறுத்து இடித்த தூள்தானே? ஒருநாள் உன்னுடைய மனுசன் கணவாய்க் கறிக்கு அதை அவிழ்த்துவிட்டார். "மணந்து பாத்திட்டு, 'தூள் பழுதாப்போச்சு, ஊரிலை இருக்கிற உன்ரை அக்காவுக்குச் சொல்லு' எண்டாரடி!" என்று நீ சிரித்த சிரிப்பில் எனக்கும் கண்ணீர் வந்தது. அதற்குப் பிறகுதான் பொதிகளெல்லாம் என் வீட்டுக்குக் குடிவந்தன.

நான் பார்னஹாகவில், பாலர் பள்ளியில், பிள்ளைகளுக்கு மூக்குத் துடைப்பவள். மிருகத்தைப் பற்றி எனக்கு என்ன தெரியும்? உன்னோடு கதைத்துக்கொண்டு நடக்கலாம் என்றுதான் வந்தேன். தேவாலயத்தில் பூசை முடிந்ததும் உன் காருக்குள்ளேயே சப்பாத்து மாற்றிக்கொண்டு, பியோர்ண்டால் தொடர்மாடிகளுக்குப் பின்னால் இருக்கும் காட்டுக்குள் இறங்கிவிடுவோம். பனியில் முதல்முறை லிங்ஸின் காலடியைக் கண்டதும், அது போன பக்கம் நானும் ஓடப் பார்த்தேன். நீ ஜக்கெற்றில் பிடித்து இழுத்தாய்.

"அங்காலை போகாதை. அது அவள் போற வழி, நாங்கள் துரத்தக் கூடாது. இஞ்சாலை வா, வந்த வழியைப் பாப்பம்."

அப்படியே காலடிகளுக்கு எதிர்த்திசையில் நடந்தோம். ஒரு மிருகம் தனியாக வந்திருக்கிறது என்றேன். "ஒற்றைத் தடத்தை நம்பாதையடி. குட்டியள் தாயின்ரை காலடிக்குள்ளைதான் கால் வைக்கும். விழுந்த மரம் வரைக்கும் போய்ப் பாப்பம், எத்தினை பேரெண்டு அங்கைதான் தெரியும்." சாய்ந்து கிடந்த மரத்தை ஒவ்வொன்றும் தன்பாட்டில் பாய்ந்து கடந்திருந்தது. அந்த இடத்தில் தடம் இரண்டாகப் பிரிந்திருந்ததைக் கண்டபோது எனக்கு மயிர் கூச்செறிந்தது.

அந்தத் தாயை நீ ஒருமுறை நேரிலும் கண்டிருந்தாய். ஒரு காது கிழிந்தவள். அடுத்த மாரிப் பனியில் அவள் படுத்தெழும்பிய பள்ளத்தில் மயிரோடு உதிர்ந்த பொருக்குகள் கிடந்தன. நீ குந்தியிருந்து பார்த்தாய். நரியிடமிருந்து தொற்றும் சொறி. மயிர் கொட்டும், குளிர் தாங்காது, வேட்டையாட முடியாமல் வீடுகளடிக்கு வரும், கடைசியில் உன் மேசைக்கு வரும். அன்றிலிருந்து எதை மூடிக் கொண்டுவந்தாலும் துணியைத் தூக்கப் பயந்தாய். வேலை முடிந்து எனக்கு எடுக்கும் தொலைபேசியில், "இண்டைக்கும் மேசையிலை அவள் இல்லை" என்பதுதான் உன் முதல் சொல்லாக இருந்தது.

அதே மாரியில்தான் உனக்கும் வருத்தம் பிடிபட்டது. மருந்து ஏறியதும் உன் தலைமயிரும் கொட்டியது. சால்வையை இறுக்கிக் கட்டிக்கொண்டு, "எனக்கும் நரிதான் தந்தது போலை" என்றாய். நான் உன்னை ஏசினேன். நீ சிரித்தாய். இப்போதும் சீப்பில் நாலு மயிர் சிக்கினால் அந்தச் சிரிப்புக் கேட்கிறது. சீப்பை வைத்துவிட்டு அறையை விட்டு வெளியே வந்துவிடுகிறேன்.

அடுத்த வருடம் பனி விழுந்தபோது நீ ஆஸ்பத்திரிக் கட்டிலில். "ஒருக்கால் போய்ப் பாத்திட்டு வாறியே?" என்று கேட்டாய். வேறொன்றும் நீ யாரிடமும் கேட்கவில்லை. நான் தனியாகப் போனேன். காடு முழுக்க எனக்குப் பின்னால் மூச்சு விடுவதுபோல் இருந்தது. ஒற்றைத் தடம் ஒன்று கண்டேன். நீ சொன்னபடி வந்த வழியே நடந்தேன். விழுந்த மரத்தடியில் அது பிரிந்தது, பெரியது ஒன்று, சிறியது ஒன்று. பக்கத்துப் பள்ளத்தில் நீளமான, சுத்தமான மயிர் கிடந்தது. பொருக்கு இல்லை. எச்சத்தோடு அதையும் சேர்த்துக் கட்டி, வீட்டில் வைத்துவிட்டு, ஈரச் சப்பாத்தோடேயே உன்னிடம் ஓடிவந்தேன்.

"அவள் இருக்கிறாளடி! குட்டியும் இருக்கு!"

நீ என் முகத்தையே பார்த்தாய். "பொய் சொல்லாதை. சாகப்போறவளுக்கு எல்லாரும் நல்ல கதைதான் சொல்லுகினம்."

"இல்லையடி, உண்மையா. ஃபிறீசரிலை கிடக்கு, வீட்டை வந்து பார்."

"ஓம், வாறன்" என்றாய். முகத்தை யன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாய்.

நீ வீட்டுக்கு வரவில்லை. நம்பினாயா, நம்பாமலே போனாயா? அடக்கம் முடிந்த அன்று, உன்னோடு வேலை செய்த பெண்ணிடம் பொதியைப் பற்றிச் சொன்னேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு, அந்த எச்சத்தைக் கொண்டுவந்தால் அது கிழிந்த காதுக்காரியா வேறொருத்தியா என்று மரபணுவைப் பார்த்துச் சொல்லலாம் என்றாள். கொண்டுவருகிறேன் என்றேன். கொண்டுபோகவில்லை. அது வேறு யாரோ என்றால், உனக்கு நான் கடைசியாகச் சொன்னது பொய்யாகிவிடும். அவளேதான் என்றால், அதை நான் யாரிடம் போய்ச் சொல்வது? எனக்குப் பயமாக இருக்கிறது.

காலையில் நான் நிலத்திலேயே இருக்க, என் மனுசன் குசினிக்குள் எட்டிப் பார்த்தார். என் கையில் இருப்பது என்னவென்று அவருக்குத் தெரியும். "எறியட்டோ?" என்று கேட்டார். "கிடக்கட்டும்" என்றேன். அதை என் கையிலிருந்து வாங்கி அடித்தட்டில் வைத்து, மேலே புதுத் தூளை அடுக்கினார்.

மத்தியானம் பனி விட்டதும் காட்டுக்குப் போனேன். மிருகத் தடம் ஒன்றும் இல்லை. வேறு வழியால் திரும்பும்போது நின்று பார்த்தால், புதுப்பனியில் எனக்குப் பின்னால் ஒரே வரிசைக் காலடி. என்னுடையதுதான். ஆனால் ஒற்றைத் தடத்தை நம்பாதே என்று சொன்னவள் நீ. அந்த விழுந்த மரம் இன்னும் அங்கேதான் கிடக்கிறது. அதுவரைக்கும் நடந்து, அதன் மேல் ஏறி, மற்றப் பக்கம் குதித்தேன். அங்கே நின்று ஒருமுறை திரும்பிப் பார்த்திருந்தால் எத்தனை பேர் வந்தோம் என்று தெரிந்திருக்கும்.

நான் திரும்பிப் பார்க்காமல் வீட்டுக்கு வந்துவிட்டேன்.