நிகரென்று சொன்ன நிரலும் தூக்கிலேறிய தச்சனும்

மழை தவறாதிருக்க. குளம் நிறைந்திருக்க. கடல் மேற்சென்றோர் கரை சேர்க.

ஏழு துறைகளுக்கும் மூன்று மலைக்கோட்டைகளுக்கும் உரியவராய்ச் செந்தாழை நாட்டின் முடிபுனைந்து வீற்றிருக்கும் கோமகளார் தண்குடை நாச்சியாரின் ஆணையைத் தலைமேற்கொண்டு, முகிலூர்த் தலைநகரத்துக் கணிப்பொறிமனை அமைச்சன் கோடையன், நெய்தற்கரை மண்டலத்தை ஆளும் பூதித் திரையனார் திருமுன் விடுக்கும் ஓலை. தங்கள் குலமும் கொடியும் வாழ்க. தங்கள் நலம் கேட்டு எழுத வேண்டிய வரிகளை இம்முறை எழுதவில்லை. எழுதத் தொடங்கினேன், கை வரவில்லை. பொறுத்தருள்க.

இவ்வோலை தாழைத்துறை மக்கள் முன்னிலையிலும், தங்கள் மண்டலத்தில் நிரல் எழுதப் புதிதாகப் பழகுவோர் முன்னிலையிலும் உரக்கப் படிக்கப்பட வேண்டும் என்பது நாச்சியாரின் திருவுள்ளம். ஆகவே அவையோர் அறிந்ததையும் விளங்கச் சொல்கிறேன்.

நம் குடிகள் ஒவ்வொருவரைப் பற்றியும் கணிப்பொறியில் ஓர் ஏடு உண்டு. அவ்வேடுகள் எல்லாவற்றுக்கும் அச்சாக இருப்பது குடி என்னும் வகுப்பு. பெயர், தந்தை பெயர், ஊர், அகவை, பிறப்பெண் ஆகியவை ஒவ்வோர் ஏட்டிலும் இருக்க வேண்டும் என்று வகுப்பு சொல்லும். வகுப்பில் ஆள் எவரும் இல்லை. அந்த அச்சில் வார்த்து, ஒருவருடைய விவரத்தை நிரப்பிய ஏட்டையே நிரலோர் பொருள் என்று அழைக்கின்றனர்.

இரண்டு ஏடுகளுக்கு நடுவே இரட்டைச் சமக்குறி இட்டுக் கேட்டால், எங்கள் பொறி அவற்றில் எழுதியிருப்பதைப் படிப்பதில்லை. இரண்டும் தன் நினைவில் ஒரே இடத்தில் உள்ள ஒரே ஏடுதானா என்று மட்டும் பார்க்கிறது. இதை நாங்கள் சரியாக உணராமல் இருந்தோம். சென்ற ஆண்டு மலைக்கோட்டைகளில் காய்ச்சல் பரவியபோது, சமவெளியிலிருந்து போய் அங்கே குடியேறியவர்களின் ஏடுகளைப் படியெடுத்து அனுப்பினோம். மூல ஏடும் படியும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருந்தும், அவை வேறு வேறு இடத்தில் இருந்ததால், ஒன்றல்ல என்று பொறி சொன்னது. மருந்துக்கு வந்தவர்கள் வேற்றாள் என்று திருப்பி அனுப்பப்பட்டனர். பதின்மூன்று பேர் இறந்தனர்.

அதன்பின், ஏட்டின் உள்ளே இருப்பதைப் படித்து ஒப்பிடும் முறை ஒன்றை எழுதுமாறு வெண்ணி என்னும் நிரலாளரைப் பணித்தேன். அவள் கணிப்பொறிமனையில் சேர்ந்து ஓராண்டே ஆகியிருந்தது, ஆனால் கவனமானவள். அவள் நிகரா என்னும் நிலைமுறையை எழுதினாள். வகுப்பில் உள்ள மற்ற முறைகள் ஓர் ஏட்டைச் சார்ந்தவை. ஓர் ஏட்டை முன்வைத்து அகவை கேட்டால் அந்த ஏடு தன் அகவையைச் சொல்லும். நிலைமுறையோ வகுப்புக்கே உரியது. ஓர் ஏடுகூட உருவாகாத நாளிலும் அதை அழைக்கலாம். வகுப்பின் பெயரைச் சொல்லி அழைத்து இரண்டு ஏடுகளைக் கொடுத்தால், கொடுத்ததை மட்டும் பார்த்து விடை சொல்லும். தன்னுடையது என்று பார்க்க அதற்குப் பெயரும் இல்லை, ஊரும் இல்லை. கொடுக்கும் இரண்டில் ஒன்று ஏடே இல்லாத வெறுமையாக இருந்தாலும் தடுமாறாது. ஒப்பிடும் வேலைக்கு அது பொருத்தமானதே. வெண்ணி அவ்வடிவைத் தேர்ந்ததில் பிழையில்லை.

பிழை, எதை எதனோடு ஒப்பிடுவது என்பதில் இருந்தது. அதைச் செய்தவன் நான்.

வெண்ணி என்னிடம் வந்து கேட்டதை அவள் கேட்டபடியே எழுதுகிறேன். "ஐயா, பிறப்பெண்ணையும் சேர்த்துப் பாக்கச் சொல்லட்டுமா? கரைப்பக்கத்துல பாதி ஏட்டுல அது எழுதாம கிடக்கு. ரெண்டு பக்கமும் வெறுமையா இருந்தா என்ன சொல்றதுன்னு தெரியல." பெயரும் தந்தை பெயரும் ஊரும் அகவையும் ஒத்துவந்தால் அவர் வேறு யாராக இருக்க முடியும் என்று நான் சொன்னேன். நான்கு போதும் என்றேன். மூன்று இணை ஏடுகளைக் கொடுத்துச் சோதித்தேன். மூன்றும் தலைநகரத்து ஏடுகள். சரியாக வந்தது. என் முத்திரையை இட்டேன்.

அதே ஆண்டு மாசியில் தாழைத்துறை நெற்கிடங்கு எரிந்ததும், உள்ளே உறங்கிய பதினொரு சுமைகூலிகள் மாண்டதும் தாங்கள் அறிந்ததே. தீ வைத்தவன் கிடங்குக் காவலன் சேந்தன். தந்தை உலகன், ஊர் தாழைத்துறை, அகவை முப்பத்து நான்கு. தூக்கு விதிக்கப்பட்டது. அவன் சிறையிலிருந்து தப்பினான். கண்டவிடத்தில் பிடித்துத் தண்டனையை நிறைவேற்றுக என்று அவன் ஏட்டில் குறிக்கப்பட்டது.

இவ்வாண்டு ஆனியில், படகுத் தச்சன் ஒருவன் தான் கட்டி முடித்த படகுக்குக் கடற்சீட்டுப் பெறத் துறை அலுவலகத்துக்குச் சென்றான். அவன் பெயரும் சேந்தன். தந்தை உலகன், ஊர் தாழைத்துறை, அகவை முப்பத்து நான்கு. அலுவலர் அவன் ஏட்டையும் தண்டனை பெற்றோர் ஏடுகளையும் வழக்கப்படி பொறிக்குக் கொடுத்தார். நிகர் என்று பொறி சொன்னது. தச்சன் அங்கேயே பிடிக்கப்பட்டுத் தங்கள் சிறைத்தலைவர் அழிசியிடம் ஒப்படைக்கப்பட்டான்.

சிறை எழுத்தர் எழுதிவைத்த அவன் வாக்குமூலம் என் முன் இருக்கிறது. "நான் தச்சன்யா. கிட்டங்கியில காவலுக்கு இருந்தவன் வேற சேந்தன். எங்க ஊர்ச் சாமி பேரு சேந்தன். நாங்க பொறந்த வருசம் கோயில் கொடை நடந்துச்சு, அந்த வருசத்து ஆம்பளப் புள்ளைங்க எல்லாத்துக்கும் அதே பேருதான் வச்சாங்க. எங்கப்பா பேரு உலகன், அவன் அப்பா பேரும் உலகன். எங்க ஊர்ல ஆம்பளைக்கு வைக்கிற பேரே மொத்தம் பத்துதான்யா. வந்து கேட்டுப் பாருங்க. என் கையைப் பாருங்க, உளி புடிச்ச கை."

யாரும் ஊருக்குப் போகவில்லை. ஊர் தானாக வந்தது. தாழைத்துறையார் ஐவர் சிறைவாசலில் இரண்டு நாள் நின்றனர். அழிசி அவர்களைப் பார்த்துச் சொன்னதும் எழுத்தில் உள்ளது. "பொறியே ஆளு இவன்தான்னு சொல்லிருச்சு. அதுக்கு மேல நீங்க என்ன சொல்லப் போறீங்க? சொந்தக்காரன்னா காப்பாத்தத்தான் பாப்பீங்க."

ஆயினும் அழிசிக்கு உள்ளே ஏதோ உறுத்தியிருக்க வேண்டும். மறுபடி பார்த்துச் சொல்லுமாறு தலைநகருக்கு எழுதினார். நாங்கள் அதே இரண்டு ஏடுகளை அதே நிலைமுறைக்குக் கொடுத்தோம். நிகர் என்றது. மீண்டும் எழுதினார். மீண்டும் கொடுத்தோம். நிகர் என்றது. மூன்று சான்றுகள் கிடைத்தன என்று அவர் தம் குறிப்பில் எழுதினார். புதிதாகப் பழகுவோர் இவ்விடத்தில் நின்று கேட்க. முறையும் மாறாமல், கொடுத்த ஏடுகளும் மாறாமல் இருந்தால், ஆயிரம் தடவை கேட்டாலும் அது ஒரே விடையைத்தான் சொல்லும். அங்கே இருந்தது ஒரு சான்று. அதுவும் பொய்ச் சான்று. உள்ளடக்கம் ஒத்த இரண்டு ஏடுகள் என்பது உண்மை. ஒரே ஆள் என்பது நாங்களாகச் சேர்த்துக்கொண்டது.

ஆடி பன்னிரண்டாம் நாள், வெயில் ஏறிய வேளையில், தச்சன் சேந்தன் தூக்கிலிடப்பட்டான்.

பத்தொன்பது நாள் கழித்து, வடகரையில் உப்பேற்றும் தோணியில் ஒருவனைப் பிடித்தனர். இரண்டு முழங்கைகளிலும் தீப்புண் ஆறிய வடு. பெயரை அவன் மறைக்கவில்லை. கிடங்குக்குத் தீ வைத்ததையும் மறுக்கவில்லை. அவன் ஏட்டைப் பொறிக்குக் கொடுத்தபோது, தூக்கிலிடப்பட்டு இறந்தவன் என்று விடை வந்தது. ஏனெனில் தண்டனை முடிந்த நாளில், நிகரான ஏடுகள் எல்லாவற்றிலும் அந்தக் குறிப்பைப் பொறியே எழுதியிருந்தது. இறந்தவன் தோணியில் நின்று உப்பு அள்ளிக்கொண்டிருந்தான். அப்போதுதான் எங்களுக்குத் தெரிந்தது.

நான் மனையின் கதவை அடைத்து உட்கார்ந்தேன். வெண்ணி அப்படிச் செய்யவில்லை. என்னிடம் விடைபெற்றுத் தாழைத்துறைக்குச் சென்றாள். தச்சனின் மனைவி பூநங்கை வலை உலர்த்தும் இடத்தில் இருந்தாளாம். அங்கு நடந்ததை வெண்ணி திரும்பி வந்து சொன்னாள். ஒரு சொல்லும் மாற்றாமல் எழுதுகிறேன்.

"நீதான் அத எழுதினியாம்மா?" என்று பூநங்கை கேட்டாள்.

"ஆமாக்கா."

"எம் புருசன் மொகத்தப் பாத்திருக்கியா?"

"இல்லக்கா."

"அந்தத் தீ வச்சவன் மொகத்தையாச்சும்?"

"அதுவும் இல்ல."

பூநங்கை வலையை உதறி விரித்தாளாம். பிறகு, "ரெண்டு பேரையும் பாத்தவங்க அஞ்சு பேரு வாசல்ல நின்னாங்க. உள்ள இருந்த ஒருத்தன் வெளிய வந்து கேட்டிருந்தாப் போதும். பொறி என்ன பண்ணும், அதுக்குக் கண்ணா இருக்கு? கண்ணு இருந்தவங்கதான பாக்கல. போயி உங்க அரசிகிட்ட இத அப்படியே சொல்லு," என்றாள்.

வெண்ணி அப்படியே சொன்னாள். பின்பு நாச்சியார் இட்ட ஆணைகளை இனி எழுதுகிறேன்.

நிகரா என்னும் முறை இனி ஏட்டின் உள்ளடக்கம் ஒத்திருப்பதை மட்டுமே சொல்லும். ஒரே ஆளா என்ற கேள்விக்குத் தனியே வேறொரு நிலைமுறையை வெண்ணி எழுதியிருக்கிறாள். அது பிறப்பெண்ணைப் பார்க்கும். இரண்டில் ஒன்றில் எண் இல்லையானாலும், இரண்டிலுமே இல்லையானாலும், ஆம் என்றோ இல்லை என்றோ சொல்லாமல், தெரியாது என்று சொல்லும். வகுப்பில் ஓரிடத்தில் திருத்தினால் ஏழு துறைகளிலும் திருந்திவிடும். பிழையும் அவ்வாறே ஒரே நாளில் எங்கும் பரவியது என்பதைப் பழகுவோர் மறவாதிருக்க. நெய்தற்கரையில் பிறப்பெண் இல்லாத குடிகள் அனைவருக்கும் தை முடியுமுன் எண் வழங்கப்பட வேண்டும். அலுவலர் அவர்கள் ஊருக்குச் சென்று வழங்க வேண்டும்.

பொறியின் விடையைக் கொண்டு எவரையும் கட்டலாகாது. நேரில் அறிந்த மூவர் முகம் பார்த்துச் சொல்ல வேண்டும். பொறியை எத்தனை தடவை கேட்டாலும் அது ஒரு சொல்லாகவே கொள்ளப்படும். சிறைத்தலைவர் அழிசி பணியிலிருந்து நீக்கப்பட்டு விசாரணைக்கு நிற்க. தச்சன் சேந்தனின் ஏட்டில் உள்ள தீ வைத்தோன் என்னும் குறிப்பு அழிக்கப்பட்டு, குற்றமற்றவன், அரசின் பிழையால் கொல்லப்பட்டான் என்று எழுதப்பட வேண்டும். அது பூநங்கையின் முன்னிலையில் எழுதப்பட வேண்டும். அவள் வர விரும்பாவிட்டால் வற்புறுத்தலாகாது.

வெண்ணிக்குத் தண்டனை இல்லை. அவள் கேட்டாள், நான் தடுத்தேன். குடி வகுப்பின் பொறுப்பு இனி அவளுடையது.

திரையனாரே, இனி எழுதுவது எனக்கும் கடினம். தூக்காணையை வரவழைத்துப் பார்த்தேன். அதில் தங்கள் கைச்சாத்து இருக்கிறது. வாக்குமூலம் அதனோடு சேர்த்தே தங்களுக்கு அனுப்பப்பட்டதாகவும், கட்டு பிரிக்கப்படாமல் திரும்பியதாகவும் எழுத்தர் சொல்கிறார். நாச்சியார் இதை அறிவார். ஆகவே இவ்வோலையைத் தாழைத்துறையில் தாங்களே நின்று படிக்க வேண்டும் என்றும், வேறொருவர் வாயால் படிக்கச் செய்யலாகாது என்றும் ஆணை.

நான் ஐப்பசி ஏழாம் நாள் அங்கு வந்து சேர்வேன். எனக்கு எதிர்கொள்வார் வேண்டாம், இருக்கை வேண்டாம். ஊரார் கேட்கும் கேள்விகளுக்குத் தங்கள் அருகில் நின்று நானும் விடை சொல்ல வேண்டும். அதன்பின் நம் இருவரையும் பற்றி ஊர்மன்றம் சொல்வதை நாச்சியார் ஏற்பார்.

இது கோமகளார் தண்குடை நாச்சியாரின் தாழைமுத்திரை பெற்று, அவையில் படிக்கப்பட்டு, மாற்றமின்றி விடுக்கப்பட்டது. அமைச்சன் முத்திரை இடுமிடம் வெறுமையாக உள்ளது. முத்திரையை இன்று காலை நாச்சியாரின் கையில் திருப்பிக் கொடுத்துவிட்டேன். ஓலை குறைவுடையது என்று கொள்ளற்க. ஆணை நிறைவேறுக.