மணல் பள்ளத்தில் மச்சான்

11 ஜூலை, வெள்ளி

இன்று ஜும்மாவுக்குப் பிறகு கோல்ஃப் விளையாட்டில் மச்சானைத் தோற்கடித்துவிட்டேன். புருஷன் ரியாத்தில், பெண்டாட்டி நான் காயல்பட்டினத்தில், ஆளுக்கொரு கம்ப்யூட்டர். தப்பாக அடித்தால் அழித்துவிட்டு மறுபடி அடிக்கிற பொத்தானைத் தொடவே கூடாது என்பது எங்கள் பேச்சு. தோற்றால் என் தங்கச்சி கல்யாணத்துக்கு அவர் லீவு கேட்க வேண்டும்.

கடைசிக் கொடிக்கு முன்னால் இரண்டு பேர் பந்தும் ஒரே மணல் பள்ளத்தில் விழுந்தன. எதிரே ஆளுயரக் கரை. நான் பின்பக்கம் திரும்பிப் புல்தரைக்கு அடித்தேன்.

"என்ன புள்ள, கொடி அங்கன நிக்குது, நீ இங்கன அடிக்கியே!" என்று போனில் சிரித்தார்.

"மொதல்ல மணல விட்டு வெளிய வரணும் மச்சான்."

அவர் கொடியைப் பார்த்தே அடித்தார். பந்து கரையில் முட்டிப் பழைய இடத்துக்கே உருண்டது. மூன்று தடவை! பதினோரு வருஷமாகப் பாலைவனத்தில் இருக்கிற மனுஷன்.

"சரி, நாளைக்கே லீவு கேக்குதேன்" என்றார். முதலாளி என்ன சொல்வாரோ.

இதை எழுதும்போதுதான் உறைக்கிறது. பள்ளத்தில் மாட்டினால் பின்பக்கம் அடி என்று போன ரமலானில் எனக்குச் சொல்லிக்கொடுத்ததே அவர்தான்.

கள்ளன்.